தலைப்பெட்டியில் இருந்த பெயர்

மூன்று மாதத்துக்கு முன்பு பிரசாந்த் போன் செய்தார். எங்கள் பழைய ஆபீசில் எனக்குப் பிறகு சேர்ந்தவர். இப்போது பெரிய கம்பெனி ஒன்றில் முப்பது பேரைக் கட்டி மேய்க்கிறார்.

"சார், நம்ம பழைய ஆபீஸ் ஆளுங்கல்லாம் சேர்ந்து ஒரு மலர் போடறோம். நீங்க கண்டிப்பா ஒண்ணு எழுதணும். இப்போ ஹுடுகருக்கெல்லாம் எடிட்டரை இறக்கினா போதும், அதுவே எல்லாத்தையும் செட் பண்ணிக் கொடுத்துடுது. நீங்க அந்தக் காலத்துலயே ஓப்பன் சோர்ஸ் கேம் எஞ்சினை மண்டி மொஹல்லா மாடில உக்காந்து பில்ட் பண்ணீங்க அல்வா? அதை எழுதுங்க. சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க."

ஹுடுகர் என்றால் பையன்கள், அல்வா என்றால் 'இல்லையா'. மைசூர்த் தமிழர்கள் நாங்கள் இப்படித்தான் பேசுவோம். கன்னடம் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே ஆரம்பிக்கிறது என்று எங்களுக்கே தெரியாது.

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியும் விட்டேன். எல்லாம் பெருமை. படித்துப் பார்த்தால் அதில் ஒரு ஆள் இல்லை. அந்த ஆள் இல்லாமல் எங்கள் எஞ்சின் மூன்றாவது படியைத் தாண்டியிருக்காது. நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் பிரசாந்தின் இஷ்டம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் சுவாரஸ்யம் எதுவும் இல்லை. அப்பா ரயில்வே குமாஸ்தா. வேலூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்தவர் திரும்பிப் போகவில்லை. நான் பி.எஸ்ஸி. முடித்தேன். ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். சம்பளப் பட்டியல் அச்சடிக்கும் புரோகிராம்களைப் பத்து வருஷம் எழுதினேன். அதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. அப்போதுதான், தொண்ணூறுகளின் கடைசியில், இந்த ஆபீசில் சீனியர் புரோகிராமராகச் சேர்ந்தேன்.

ஆபீஸ் மைசூரில் மண்டி மொஹல்லா என்ற பகுதியில், ஒரு மாடியில். கீழே மிளகாய் மண்டி. மூட்டை இறக்கும் நேரத்தில் மாடியில் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். எங்கள் மேலதிகாரி நஞ்சுண்டையா சார் மட்டும் தும்ம மாட்டார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தும்மி முடிக்கும்வரை வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவைத்துப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அவர் ஒரு அரசாங்கக் கணிப்பொறி மையத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். நடுவில் சில வருஷம் மெட்ராஸில் வேலை பார்த்ததால் தமிழ் வரும். திரையில் கோட் படிக்க மாட்டார். "அங்க அது ஓடிக்கிட்டே இருக்கு, பேப்பர்ல நிக்கிது" என்பார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வாரம் எழுதியதை எல்லாம் அச்செடுத்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தொடர்காகிதம். அவர் முதலில் அந்த ஓரங்களைக் கிழிப்பார். கிழிசல் இல்லாமல், ஒரே இழுப்பில் கிழித்து, சுருட்டி, டிராயரில் போட்டுவிட்டுத்தான் படிக்க ஆரம்பிப்பார். கையில் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம் உள்ள பென்சில். சிவப்புக் கோடு போட்டால் தப்பு. நீலக் கோடு போட்டால் 'எனக்குப் புரியவில்லை'. சிவப்பை வாங்கிக்கொண்டு போய்த் திருத்திவிடலாம். நீலம் வாங்கினால் அவர் எதிரில் நின்று விளக்க வேண்டும். எல்லோருக்கும் நீலத்தின் மேல்தான் பயம்.

அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் நட்சத்திரக் குறிகளால் கட்டிய ஒரு பெட்டி இருக்க வேண்டும். உள்ளே நான்கு வரி: ஃபைல் பெயர், எதற்காக, எழுதியவர், தேதி. ஆங்கிலத்தில்தான். நாங்கள் அதைத் தலைப்பெட்டி என்போம். அது இல்லாத காகிதத்தை அவர் தொடக்கூட மாட்டார்.

"தலை இல்லாத ஃபைலை நான் ஓதறதில்ல ரீ" என்பார். ஓதுவது என்றால் கன்னடத்தில் படிப்பது, ரீ என்றால் நம் 'ங்க'. "நாளைக்கு ஒரு தப்பு வந்தா யாரைக் கூப்பிடறது? ஒரு நல்லது நடந்தா யாரைத் தட்டிக் கொடுக்கறது? பேரு வேணும்."

அந்த வருஷம் எங்கள் முதலாளி ஒரு வேலை பிடித்து வந்தார். தசரா பொருட்காட்சியில் வைப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் நின்று விசைகளை அழுத்தினால் ஒரு பழைய தர்பார் மண்டபத்துக்குள் நடந்து போவதுபோல் இருக்க வேண்டும். தூண்களைச் சுற்றலாம், படி ஏறலாம், இறங்கலாம். இதையெல்லாம் முதலிலிருந்து எழுத எங்களுக்குத் தெரியாது. அப்போது ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து எழுதிய ஒரு கேம் எஞ்சினின், அதாவது திரையில் இடங்களை வரைந்து ஆளை நடக்கவைக்கும் புரோகிராமின், முழு சோர்ஸ் கோடும் இலவசமாக இருந்தது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், திருத்தினால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்று குறிப்பும் இருந்தது. இவ்வளவு நல்லவர்கள் உலகத்தில் இருக்கிறார்களா என்று நானும் நஞ்சுண்டையா சாரும் அன்று முழுவதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நூற்றுச் சொச்சம் ஃபைல்கள். அவற்றைத் திறந்து வேலை செய்ய ஒரு எடிட்டர் தயார் செய்வது என் பொறுப்பு. இப்போதைய எடிட்டரைப் போல நினைக்காதீர்கள். அது வெறும் எழுதும் பலகை. என்ன வேண்டுமோ அதை நாமே அதன் மொழியில் எழுதி ஒரு அமைப்பு ஃபைலில் வைக்க வேண்டும். எட்டு நாள் செய்தேன். ஒரு விசையை அழுத்தினால் எஞ்சின் முழுவதும் கம்பைல் ஆகும், அதாவது மெஷின் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாறும். தப்பு வந்தால் எடிட்டரே அந்த வரிக்குப் போய் நிற்கும். ஏதாவது ஒரு ஃபங்ஷன் பெயரின் மேல் நின்று இன்னொரு விசையை அழுத்தினால் அது எழுதப்பட்ட இடம் திறக்கும். படிப்பவர்களுக்காக நடுநடுவே எழுதிவைக்கும் குறிப்புகளான கமெண்டுகளுக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். அமைப்பு ஃபைலை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு ஆபீசில் இருந்த மூன்று மெஷினிலும் ஏற்றினேன். அந்த எட்டு நாள் உழைப்பு என்னுடையதுதான், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

மூன்றாவது மெஷினில் மாதேஸ்வரி இருந்தார். தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், கௌதள்ளிக்காரர். விவசாயக் குடும்பம். கொள்ளேகாலில் பி.எஸ்ஸி. கணக்கு படித்து, டைப்பிங் ஹையர் முடித்து, எங்களிடம் ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி செய்ய வந்தவர். மண்டபத் தூண்களின் அளவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. இரண்டு மாதத்தில் எங்கள் புரோகிராம்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை, எனக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் முழுவதையும் கம்பைல் செய்து பார்த்த முதல் பில்டே ஓடவில்லை. கம்பைல் செய்ய வேண்டிய ஃபைல்களின் பட்டியல் ஒன்று உண்டு, மேக் ஃபைல் என்பார்கள். அதன் முதல் கட்டளை வரியிலேயே 'பிரிப்பான் இல்லை' என்று நின்றுவிட்டது. என்ன பிரிப்பான்? சி.டி.யில் இருந்த ஃபைலும் எங்கள் ஃபைலும் பார்க்க ஒன்றேதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாதேஸ்வரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? சி.டி. ஃபைல்ல அம்புக்குறியை ஒருக்கா அமுக்குனா அந்தக் காலி இடத்தை ஒரே தாவாத் தாண்டுதுங்க. நம்ம ஃபைல்ல எட்டு தடவை அமுக்க வேண்டியிருக்குதுங்க."

டைப்பிஸ்டின் விரல். அங்கே இருக்க வேண்டியது டேப், ஒரே தட்டில் விழும் பெரிய இடைவெளி. நான்தான் எடிட்டரில், சேமிக்கும்போது டேப்பை எல்லாம் எட்டு ஸ்பேஸாக மாற்று என்று எழுதி வைத்திருந்தேன், நஞ்சுண்டையா சாரின் காகிதத்தில் வரிகள் கோணாமல் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த விதியை எடுத்துவிட்டு, சி.டி.யிலிருந்து ஃபைலை மறுபடி ஏற்றியதும் பில்ட் ஓடியது. சார் வந்து, "ஆயித்தா?" என்று கேட்டார்.

"சரி பண்ணிட்டேன் சார்" என்றேன்.

மாதேஸ்வரி அவர் இடத்துக்குப் போய்விட்டிருந்தார். 'பண்ணிட்டோம்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து வித்தியாசம்தான். அப்போது அது எனக்கு உறைக்கவேயில்லை.

பில்ட் ஓடியது, ஆனால் எந்த ஃபைலிலும் எங்கள் தலைப்பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக எழுதியவர்களின் பெயர்களும் உரிமைக் குறிப்பும் கொண்ட ஒரு நீளமான கமெண்ட் இருந்தது. அதன் மேல் எங்கள் பெட்டியையும் ஒட்டலாமா என்று கேட்டேன். சார் யோசித்தார். "ஒரு உடம்புக்கு ரெண்டு தலையா? நம்ம பெட்டி மட்டும் இருக்கட்டும்" என்றார். நூறு ஃபைலைக் கையால் மாற்ற எனக்குச் சோம்பல். எடிட்டரில் ஒரு மேக்ரோ, தானாக ஓடும் சின்னப் புரோகிராம், எழுதினேன். எந்த ஃபைலைச் சேமித்தாலும், தலையில் எங்கள் பெட்டி இல்லையென்றால், அங்கே இருக்கும் முதல் கமெண்டை நீக்கிவிட்டு எங்கள் பெட்டியைக் கட்டும். ஃபைல் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். தேதியையும் எடுத்துக்கொள்ளும். எழுதியவர் என்ற இடத்தில், சோதனைக்காக, 'எஸ். தண்டபாணி' என்று என் பெயரையே அடித்து வைத்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே மூன்று மெஷினிலும் ஏற்றினேன்.

யாரோ முகம் தெரியாதவர்கள் வருஷக்கணக்கில் எழுதியதற்கெல்லாம் நான் எழுதியவன் ஆனேன். சனிக்கிழமை சாரின் மேஜையில் காகிதம் அடுக்கடுக்காக என் பெயரோடு போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தசராவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது படிப் பிரச்சினை வந்தது. மண்டபத்தின் மேடையிலிருந்து இறங்கும் படிகளில் மூன்றாவது படியில் காலை வைத்தால் தரை விழுங்கிவிடும். திரை கறுப்பாகிவிடும். நடந்தவர் பாதாளத்தில் விழுந்துகொண்டே இருப்பார். எல்லாத் தடவையும் இல்லை. நேராக இறங்கினால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சாய்வாக இறங்கினால் பத்தில் மூன்று தடவை விழுவார். முதலாளி வந்து பார்த்தார், முதல் நடையிலேயே விழுந்தார். "இதைப் பொருட்காட்சியில் வெச்சா நம்மளையும் சேர்த்து விழுங்கிடும்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் படியின் அளவுகளை மாற்றிப் பார்த்தேன். கம்பைலரின் அமைப்புகளை மாற்றினேன். கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினேன். பத்து நாள் போனது.

மாதேஸ்வரி கிராஃப் தாளில் படி வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு படியின் தளத்தையும் ஒரு சமன்பாடாக எழுதி, எஞ்சின் செய்யும் கணக்கைப் பென்சிலால் தானும் செய்தார். அவ்வப்போது என் மெஷினில் ஒரு எண்ணை அச்சிடச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார். ஒரு புதன்கிழமை மத்தியானம், கீழே மூட்டை இறங்கி நாங்கள் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்த நேரத்தில், தாளோடு வந்தார்.

"சார், கால் தளத்துக்கு மேல இருக்குதா கீழ இருக்குதான்னு எஞ்சின் கேக்குதுங்க. ரெண்டு தளம் சேர்ற மூலையில விடை பூஜ்யம் வரோணும். ஆனா தசமம் போயிப் போயி, கடைசீல மைனஸ்ல துளியூண்டு மிச்சம் நிக்கிதுங்க. மைனஸ்னா கீழதானுங்களே? கீழன்னு நெனச்சு உள்ள விட்டுருதுங்க."

"அதுக்கு என்ன பண்றது?"

"பூஜ்யமான்னு கேக்கக்கூடாதுங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குதான்னு கேக்கோணும்."

நான் தும்முவதை நிறுத்திவிட்டேன். அவர் தன் மெஷினில் உட்கார்ந்து ஏழு வரி எழுதினார். கம்பைல் செய்தோம். சாய்வாக இறங்கினேன். ஐம்பது தடவை இறங்கினேன். விழவில்லை. சந்தோஷத்தில் மாதேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஃபைலின் தலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், சேமிச்சா இதுல உங்க பேரு வருதுங்க."

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். மாதேஸ்வரியின் ஒப்பந்தம் தசராவோடு முடிகிறது. ஆபீசில் ஜூனியர் புரோகிராமர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அவர் நஞ்சுண்டையா சாரிடம் அதைக் கேட்டிருந்தார். சார் என் முன்னால்தான் பதில் சொன்னார்: "ஒரு ஃபைல்ல உன் பேரு இருக்கட்டும்மா. ஒண்ணு போதும். அதை எடுத்துக்கிட்டு போய் முதலாளிகிட்ட நான் பேசறேன்." கிடைக்காவிட்டால் அவர் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு கௌதள்ளிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அப்போது இந்த வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

"அது ஸ்டாண்டர்டு ஃபார்மேட்டுமா" என்றேன். "மேக்ரோவை மாத்தணும்."

"எப்படின்னு சொல்லுங்க, நானே மாத்திக்கறேன். ரெண்டு நிமிஷ வேலைதானுங்களே சார்."

"இப்போ வேண்டாம், மூணு மெஷின்லயும் மாத்தணும். அப்புறம் பண்ணித் தரேன்."

அவர் சரிங்க என்றார்.

அன்று சாயங்காலமே, மோடம் ஒரு வழியாகக் கத்தி முடித்து இணைந்ததும், அந்த ஃபைலை எஞ்சின்காரர்களுக்கு அனுப்பினேன். படியில் விழும் பிழைக்கு இது திருத்தம் என்று இரண்டு வரி. கீழே என் பெயர். வழக்கமாகக் கடிதத்துக்குக் கீழே போடும் பெயர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே பதில் வந்தது. திருத்தம் பிரமாதம், நாங்களும் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தோம், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம், பங்களித்தவர் பட்டியலில் உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த பத்தி வேறு மாதிரி இருந்தது. நீங்கள் அனுப்பிய ஃபைலின் தலையில் இருந்த எங்கள் பெயர்களும் உரிமைக் குறிப்பும் எங்கே போயின? நாங்கள் எழுதியதை இலவசமாகத்தான் தருகிறோம், எங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லவில்லை. திருப்பி வையுங்கள்.

உடனே உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். எங்கள் எடிட்டரின் அமைப்பில் நேர்ந்த தவறு, வேண்டுமென்று செய்ததல்ல, இன்றே எல்லா ஃபைலிலும் உங்கள் பெயர்களைத் திருப்பி வைக்கிறோம். அந்த நாள் முழுவதும் செலவழித்து வைக்கவும் வைத்தேன். சாரும் ஒத்துக்கொண்டார், அடுத்தவன் தலையை எடுத்தது தப்புத்தான் என்று. மேக்ரோவைப் பழைய கமெண்ட் இருந்தால் தொடாதே என்று திருத்தவில்லை, எடுக்கவும் இல்லை. புது ஃபைல்களுக்கு வேண்டுமே என்று ஒரு விசையால் அணைக்கிற மாதிரி மட்டும் வைத்தேன். திருத்தம் செய்த அந்த ஒரு ஃபைலில் அவர்கள் பெயர்களுக்குக் கீழே, 'படித் திருத்தம்: எஸ். தண்டபாணி' என்று ஒரு வரி சேர்த்தேன்.

கடிதத்தின் கடைசியில், பட்டியலில் என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று விளக்கமாக எழுதினேன். முதலெழுத்து முன்னால் வர வேண்டும், நடுவில் ஒரு ஹெச் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற, நான் பார்த்தே இராத மனிதர்கள் கேட்டார்கள், அவர்கள் பெயரை ஒரே நாளில் திருப்பி வைத்தேன். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் கேட்டதற்கு அப்புறம் என்றேன்.

ஏன் செய்தேன் என்று இத்தனை வருஷத்தில் பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வேலை நிரந்தரம். அவர் பெயரைப் போட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நிஜமான காரணம் அற்பமானது. அந்தப் பதிலை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டியிருந்தேன். மச்சினரிடம் காட்டியிருந்தேன். மச்சினர் அதுவரை என்னை ஒரு ஆளாகவே மதித்ததில்லை, அன்று காபி டம்ளரை எழுந்து வந்து கையில் கொடுத்தார். இரண்டாவது பத்தியை மடித்துத்தான் காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை வந்தது. நஞ்சுண்டையா சார் ஓரங்களைக் கிழித்தார், சுருட்டினார், டிராயரில் போட்டார். அந்த ஃபைலை எடுத்தார். ஏழு வரியைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மாதேஸ்வரியையும் கூப்பிட்டார். அவர் கிராஃப் தாளோடு வந்து நின்றார். சார் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தண்டபாணி, இந்த ஏழு வரி யாருது?"

கேள்வி இதைவிட நேராக இருக்க முடியாது. இரண்டு விடைதான் உண்டு. நான் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"எல்லாரும் சேர்ந்து பண்ணினது சார்."

கீழே மூட்டை இறங்கவில்லை, யாரும் தும்மவில்லை. மாதேஸ்வரி கிராஃப் தாளை நான்காக மடித்தார்.

"எல்லாரும்னா எதுக்கு ஒரு பேரு?" என்றார் சார், எனக்கு இல்லாமல் காகிதத்துக்குச் சொல்வதுபோல. பென்சிலைத் திருப்பினார். என் பெயருக்குக் கீழே மெதுவாக ஒரு நீலக் கோடு போட்டார். விளக்கச் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். அவர் நியாயம் அவருக்கு. பெயர் இல்லாத ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் முதலாளியிடம் போக மாட்டார்.

வெளியே வந்ததும் மாதேஸ்வரி என்னை நிறுத்தினார். குரல் உயரவில்லை.

"சார், கூட்டாப் பண்ணுனதுன்னு சொன்னீங்க. சரிங்க. அந்தக் கூட்டுல எம்பேரு எங்கீங்க?"

"அடுத்த ஃபைல்ல போட்டுக்கலாம் மாதேஸ்வரி. நானே சார்கிட்ட சொல்றேன்."

"அடுத்த ஃபைலுக்கு நான் இங்க இருக்க மாட்டேனுங்களே."

இருக்கவில்லை. பொருட்காட்சியில் மண்டபம் வெற்றி. ஜனங்கள் வரிசையில் நின்று படி இறங்கினார்கள், ஒருவர்கூட விழவில்லை. அது முடிந்த வாரம் மாதேஸ்வரி தன் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும், "வர்றேனுங்க சார்" என்றார். நான் முக்கியமான ஏதோ ஒரு புரோகிராமைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். திரையில் ஒன்றும் இல்லை. அந்த ஜூனியர் இடத்துக்குத்தான் சில மாதம் கழித்துப் பிரசாந்த் வந்தார். பிரசாந்த், இது உங்களுக்கு இதுவரை தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து மேட்டூரில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் போனேன். கொள்ளேகால், ஹனூர் தாண்டிக் கௌதள்ளியில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். கடை வாசலில் தமிழ்ப் பேச்சு. அதே 'ங்க', அதே 'வரோணும்'. நான் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, தலைவலி என்று சொல்லி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பாலாறு செக்போஸ்ட் தாண்டும்வரை ஷட்டரை ஏற்றவில்லை. மனைவிதான் காற்று வரவில்லை என்று சண்டை போட்டாள்.

பிறகு நான் மேனேஜர் ஆனேன். கோட் எழுதுவது நின்றது, எழுதியதாகச் சொல்லிக்கொள்வது நிற்கவில்லை. நேர்காணல்களில், விருந்துகளில், படிப் பிழையின் கதை என் கதையாகப் பலமுறை சொல்லப்பட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்ற வாக்கியத்தைக்கூட நான் என் வாக்கியமாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கை தட்டியிருக்கிறார்கள்.

நான்கு பக்கத்தைக் கிழித்த மறுநாள் நம்பர் தேடினேன். ஹனூர்க்காரர் ஒருவர் மூலம் கிடைத்தது. மாதேஸ்வரி கொள்ளேகாலில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். யார் பேசுகிறேன் என்று சொன்னேன்.

"சொல்லுங்க சார்."

"அந்த எஞ்சின் இன்னும் நெட்ல இருக்கும்மா. உங்க ஏழு வரியும் அப்படியே இருக்கு. என் பேர்ல இருக்கு."

"தெரியுமுங்க. எங்க ஸ்கூலுக்கு நெட் வந்தப்பவே தேடிப் பார்த்தேன். பசங்களுக்குக் காட்டலாம்னு. காட்டலீங்க."

பெயரை மாற்றச் சொல்லி எழுதப் போகிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"இப்ப என்னத்துக்குங்க சார்? உங்க மனசு லேசாகறதுக்குங்களா, எம்பேரு வர்றதுக்குங்களா?"

"உங்க பேர் வரணும்."

"அப்படின்னாப் போடுங்க. மன்னிப்பு கின்னிப்பெல்லாம் கேக்காதீங்க, அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல. பேரை மட்டும் சரியாப் போடுங்க. எம். மாதேஸ்வரி. எம்முன்னா எங்கப்பா முத்தண்ணன்."

அவருடைய முதலெழுத்தே எனக்கு அன்றுதான் தெரியும்.

எஞ்சினை இப்போது பார்த்துக்கொள்பவர்கள் புது ஆட்கள். நடந்ததை எழுதினேன். திருத்திய ஃபைலை அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஃபைலை இறக்கினேன். என் பழைய எடிட்டரில்தான் திறந்தேன். அந்த அமைப்பு ஃபைலை ஃப்ளாப்பியிலிருந்து சி.டி.க்கும், சி.டி.யிலிருந்து பென் டிரைவுக்கும், ஒவ்வொரு புது மெஷினுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். 'படித் திருத்தம்' என்ற வரியில் என் பெயரை அழித்தேன். எம். மாதேஸ்வரி என்று அடித்தேன். சேமித்தேன்.

கண் முன்னால் ஃபைலின் தலை மாறியது. எஞ்சின்காரர்களின் பெயர்கள் போயின. மாதேஸ்வரியின் பெயர் இருந்த வரி போயிற்று. நட்சத்திரப் பெட்டி வந்து நின்றது. அன்றைய தேதி. எழுதியவர்: எஸ். தண்டபாணி.

மேக்ரோவை அணைக்கும் விசையை அழுத்த மறந்திருந்தேன். பிறகு அமைப்பு ஃபைலைத் திறந்து, அந்த மேக்ரோ எங்கே இருக்கிறது என்று தேடி, முழுவதையும் அழித்தேன். எஞ்சின் ஃபைலைப் புதிதாக இறக்கி, மறுபடி அவர் பெயரை அடித்துச் சேமித்தேன். இந்தத் தடவை அது அப்படியே நின்றது.

மேக்ரோவை எடுக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மாதேஸ்வரி அன்று இரண்டு நிமிஷ வேலை என்றார். அரை நிமிஷம்தான் ஆயிற்று.